மேட்பிளாட்லிப்புக்கு நிரல் பங்களிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பைத்தானில் வரைபடம் போடுகிற யாரும் மேட்பிளாட்லிப்பைத் தொட்டிருப்பார்கள். அதில் ஒரு பிழையைக் கண்டு, ‘இதை நானே சரிசெய்து அனுப்பினால் என்ன?’ என்று யோசிப்பவர்களுக்காக இந்தப் பக்கம். கிட் ஓரளவு தெரியும், பெரிய திறமூலத் திட்டம் எதற்கும் இதுவரை நிரல் அனுப்பியதில்லை என்பவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

யார் வேண்டுமானாலும் மாற்றம் அனுப்பலாமா?

அனுப்பலாம், யாரிடமும் முன் அனுமதி வாங்க வேண்டாம். அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை மையக் குழுவினர் முடிவு செய்வார்கள். ஜான் ஹண்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர் வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைப் பதிவுகளைப் பார்ப்பதற்காக எழுதத் தொடங்கிய நிரல் இது. 2003இல் முதலில் வெளியானது. 2012இல் அவர் மறைந்தார். அதற்குப் பிறகும் இந்த நூலகம் வளர்ந்துகொண்டிருப்பதற்குக் காரணம், தங்கள் தேவைக்காக எதையோ சரிசெய்ய வந்து அப்படியே தங்கிவிட்டவர்கள்தான். இன்று நம்ஃபோகஸ் என்ற லாப நோக்கற்ற அமைப்பு இதன் நிதிக் கணக்குகளுக்குப் பொறுப்பேற்றிருக்கிறது. உரிமம் தாராளமானது, நீங்கள் சேர்க்கும் நிரலும் அதே உரிமத்தின்கீழ் வெளியாகும்.

எவ்வளவு பைத்தான் தெரிந்திருக்க வேண்டும்?

கிளாஸ், மரபுரிமை, டெக்கரேட்டர், கீவேர்ட் ஆர்குமென்ட் ஆகியவற்றைப் படித்துப் புரிந்துகொள்ள முடிந்தால் போதும். எண்களின் அணிகளைக் கையாளும் நம்பை (NumPy) நூலகம் ஓரளவு பழகியிருக்க வேண்டும். உள்ளே சி பிளஸ் பிளஸ் நிரலும் இருக்கிறது. பிக்சல்களை வரையும் ஆக் என்ற பகுதியும், எழுத்துருவைக் கையாளும் ஃப்ரீடைப்போடு பேசும் பகுதியும் அதில்தான் எழுதப்பட்டுள்ளன. ஆனால் பெரும்பாலான பிழைகள் பைத்தான் பக்கத்திலேயே தீர்ந்துவிடும்.

எந்தப் பிழையை எடுப்பது?

கிட்ஹப்பில் பிழைகளையும் கோரிக்கைகளையும் ‘இஷ்யூ’ என்ற பதிவுகளாகப் போடுவார்கள். அவற்றில் சிலவற்றுக்கு ‘குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ’ என்ற லேபிள் உண்டு. புதியவர்களுக்கென்று ஒதுக்கிவைத்த வேலைகள் அவை. அங்கிருந்து தொடங்குவதில் தவறில்லை. ஆனால் என் கருத்தில் அதைவிட நல்ல வழி, உங்கள் சொந்த வேலையில் உங்களை இடறிய பிழையை எடுப்பது. எந்தத் தரவில் அது வருகிறது, சரியான படம் எப்படி இருக்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். ரிவ்யூவில் யாராவது ‘இது ஏன் தேவை?’ என்று கேட்டால், உங்களிடம் உண்மையான பதில் இருக்கும்.

எடுக்கும் முன் இரண்டு விஷயங்களைச் செய்யுங்கள். முதலில் மெயின் கிளையில் அந்தப் பிழை இன்னும் இருக்கிறதா என்று ஓட்டிப் பாருங்கள். அப்புறம் அந்த இஷ்யூவின் முழு உரையாடலையும் கடைசி வரை படியுங்கள். ‘இதை இப்படிச் செய்யக் கூடாது’ என்று பராமரிப்பாளர் ஒருவர் நடுவில் எங்கோ சொல்லியிருப்பார்; அதைத் தவறவிட்டால் உழைப்பு முழுதும் வீண்.

‘இந்த இஷ்யூவை எனக்கு ஒதுக்குங்கள்’ என்று கேட்க வேண்டுமா?

வேண்டாம். மேட்பிளாட்லிப்பில் இஷ்யூக்களை யாருக்கும் ஒதுக்குவதில்லை. ஏற்கெனவே யாராவது அதற்குப் புல் ரிக்வெஸ்ட் (தன் மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் நேராக வேலையைத் தொடங்கலாம். பல மாதங்களாக அசையாமல் ஒரு புல் ரிக்வெஸ்ட் கிடந்தால், தொடரப்போகிறாரா என்று அதன் கீழேயே அவரிடம் கேளுங்கள். பதில் வராவிட்டால், அவர் கமிட்டுகளை வைத்துக்கொண்டு அவற்றின் மேல் தொடருங்கள், அல்லது அவரை இணை ஆசிரியராகக் குறிப்பிடுங்கள்.

கணினியில் எப்படி நிறுவுவது?

முதலில் ஃபோர்க், பிறகு குளோன், பிறகு தனியாக ஒரு கோண்டா அல்லது வெண்வ் சூழல். தேவையான பொதிகளின் பட்டியல் ரெப்போவிலேயே கோண்டா கோப்பாக இருக்கிறது. பிறகு பிப் மூலம் எடிட்டபிள் முறையில், பில்ட் ஐசொலேஷனை அணைத்துவிட்டு நிறுவ வேண்டும். முழுக் கட்டளை பங்களிப்பாளர் கையேட்டில் உள்ளது. அதை அப்படியே எடுத்து ஒட்டுங்கள்.

பலர் மாட்டிக்கொள்ளும் இடங்கள் சில உண்டு. நூலகத்தின் பதிப்பு எண் கிட் டேக்குகளிலிருந்து கணக்கிடப்படுகிறது. டேக் இல்லாமல் குளோன் செய்திருந்தால் விசித்திரமான பதிப்பு எண் வரும். அப்போது மூல ரெப்போவை அப்ஸ்ட்ரீம் என்று சேர்த்து, அங்கிருந்து டேக்குகளை இழுத்துக்கொள்ளுங்கள். சி பிளஸ் பிளஸ் கம்பைலரும் தேவை: விண்டோஸில் விஷுவல் ஸ்டுடியோ பில்ட் டூல்ஸ், மேக்கில் எக்ஸ்கோடின் கமாண்ட் லைன் டூல்ஸ். பில்ட் வேலை இப்போது மேசான் என்ற கருவி மூலம் நடக்கிறது. சி பிளஸ் பிளஸ் கோப்பை மாற்றினால், அடுத்த முறை இம்போர்ட் செய்யும்போது அது தானே மறுபடி கம்பைல் செய்துகொள்ளும்.

மடிக்கணினி பழையது, இதெல்லாம் தாங்காது என்றால் கிட்ஹப் கோட்ஸ்பேசஸைப் பயன்படுத்தலாம். அதற்கான அமைப்பு ரெப்போவிலேயே தயாராக இருக்கிறது, உலாவி போதும்.

நிரல் கடல் மாதிரி இருக்கிறது. எங்கிருந்து படிப்பது?

ஃபிகர், ஆக்சஸ், ஆர்ட்டிஸ்ட், பேக்எண்ட் என்ற நான்கையும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். தாளில் தெரியும் எல்லாமே ஆர்ட்டிஸ்ட்: கோடு, எழுத்து, வட்டம், அச்சு எல்லாம். பிளாட், ஸ்கேட்டர், ஹிஸ்ட் போன்ற பழக்கமான முறைகள் ஆக்சஸ் கிளாஸில் இருக்கின்றன. அவை ஆர்ட்டிஸ்டுகளை உருவாக்கிவிட்டு ஒதுங்கிவிடும். உண்மையில் வரையும் வேலை கடைசியில், பேக்எண்டின் (பிஎன்ஜி, பிடிஎஃப் போன்ற வெளியீட்டை உருவாக்கும் பகுதி) ரெண்டரர் கையில் நடக்கிறது.

இதில் பிழை எந்தக் கட்டத்தில் வருகிறது என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை. பிஎன்ஜியில் சரியாக வந்து பிடிஎஃப்பில் மட்டும் தவறாக வந்தால், பெரும்பாலும் பேக்எண்டைச் சந்தேகிக்கலாம். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி தவறு என்றால் மேலே, ஆர்ட்டிஸ்டிலோ ஆக்சஸிலோ தேடுங்கள்.

பைபிளாட் கோப்பில் கை வைக்கலாமா?

கவனம் தேவை. அந்தக் கோப்பின் பெரும்பகுதி பாய்லர்பிளேட் என்ற ஸ்கிரிப்ட் தானாக எழுதியது. ஆக்சஸின் ஒரு முறைக்கு நீங்கள் புதிய ஆர்குமென்ட் சேர்த்தால், பைபிளாட்டில் கையால் திருத்தாமல் அந்த ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். மறந்தால், பைபிளாட் பழையதாகிவிட்டது என்று ஒரு டெஸ்ட் சிவப்பாகிச் சொல்லிவிடும். டைப் குறிப்புகள் தனி ஸ்டப் கோப்புகளில் இருக்கின்றன. அவற்றையும் கூடவே மாற்ற வேண்டும்.

டெஸ்ட் கட்டாயமா?

ஆமாம். பிழை திருத்தம் என்றால், திருத்தத்துக்கு முன் தோற்று, பின் தேறும் ஒரு டெஸ்ட் வேண்டும். டெஸ்டை முதலில் எழுதி, அது சரியான காரணத்துக்காகத் தோற்கிறதா என்று பார்த்துவிட்டு நிரலைத் தொடுவது நல்ல பழக்கம். பைடெஸ்ட்தான் கருவி. எல்லா டெஸ்டுகளையும் ஓட்டினால் நேரம் பிடிக்கும். உங்கள் பகுதிக்குரிய கோப்பை மட்டும் ஓட்டினால் போதும், மீதியை சிஐ, அதாவது புல் ரிக்வெஸ்டில் தானாக ஓடும் சோதனை அமைப்பு, பார்த்துக்கொள்ளும்.

படத்தை எப்படி டெஸ்ட் செய்வது? எண்ணைப் போல ஒப்பிட முடியாதே?

வரைபட நூலகம் மற்ற நூலகங்களிலிருந்து வேறுபடும் இடம் இதுதான். இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதலாவது, இமேஜ் கம்பேரிசன் டெக்கரேட்டர். சரியான படம் ஒன்றை ‘பேஸ்லைன்’ படமாக ரெப்போவில் சேமித்துவைக்கிறோம். டெஸ்ட் ஓடும்போது புதிதாக வரையப்படும் படத்தை அதனோடு பிக்சல் பிக்சலாக ஒப்பிட்டு, வித்தியாசங்களுடைய வர்க்கங்களின் சராசரிக்கு வர்க்கமூலம் எடுத்தால் அது அனுமதித்த அளவுக்குள் இருக்கிறதா என்று பார்க்கும். எதுவும் சொல்லாமல் விட்டால் பிஎன்ஜி, பிடிஎஃப், எஸ்விஜி மூன்றிலும் ஒப்பிடும். பிடிஎஃப்புக்கு கோஸ்ட்ஸ்கிரிப்டும் எஸ்விஜிக்கு இங்க்ஸ்கேப்பும் கணினியில் இல்லையென்றால் அந்த டெஸ்டுகள் ஓடாது. உங்கள் திருத்தம் பேக்எண்டைச் சார்ந்ததில்லை என்றால் பிஎன்ஜி மட்டும் போதும் என்று குறிப்பிட்டுவிடுங்கள். எழுத்துகளுக்கும் டெஸ்டுக்கும் தொடர்பில்லை என்றால் அவற்றை நீக்கிவிட்டு ஒப்பிடும் வசதியும் இருக்கிறது. ஃப்ரீடைப்பின் பதிப்பு மாறினால் எழுத்தின் விளிம்பில் சில பிக்சல்கள் மாறும். அதனால்தான் மேட்பிளாட்லிப் தன் டெஸ்டுகளுக்குக் குறிப்பிட்ட ஒரு ஃப்ரீடைப் பதிப்பைத் தன்னோடு சேர்த்தே கட்டுகிறது.

டெஸ்ட் தோற்றால் ரிசல்ட் இமேஜஸ் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். வந்த படம், வரவேண்டிய படம், இரண்டின் வித்தியாசம் என மூன்றும் இருக்கும். கண்ணால் பார்த்தால் பாதி நேரம் காரணம் அங்கேயே புரிந்துவிடும்.

இரண்டாவது வழி, செக் ஃபிகர்ஸ் ஈக்வல் டெக்கரேட்டர். இதற்குச் சேமித்த படம் தேவையில்லை. டெஸ்டுக்குள்ளேயே இரண்டு ஃபிகர்கள் தரப்படும். ஒன்றில் நீங்கள் சோதிக்கும் வழியில் வரைகிறீர்கள், இன்னொன்றில் அதே முடிவைத் தரவேண்டிய, ஏற்கெனவே நம்பகமான வழியில் வரைகிறீர்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் தேர்ச்சி.

முடிந்தவரை இரண்டாவதையே எடுங்கள். பேஸ்லைன் படம் ஒவ்வொன்றும் கிட் வரலாற்றில் நிரந்தரமாகத் தங்கிவிடும். பிறகு அழித்தாலும் குளோனின் எடை குறையாது. புல் ரிக்வெஸ்ட் நடந்துகொண்டிருக்கும்போது பேஸ்லைன் படத்தை மூன்று நான்கு முறை மாற்றினால், கடைசியில் கமிட்டுகளை ஒன்றாக்கி இறுதிப் படம் மட்டும் வரலாற்றில் இருக்கும்படி செய்யச் சொல்வார்கள். படமே வேண்டாம் என்றால் இன்னும் நல்லது. கோட்டின் நிறம் சரியா, அச்சின் எல்லை சரியா என்பதை ஆர்ட்டிஸ்டிடமே கேட்டு ஒரு வரி அசெர்ட்டில் முடித்துவிடலாம்.

தவறாகத் தெரியும் ஒரு இயல்புநிலை மதிப்பை உடனே மாற்றிவிட முடியாதா?

முடியாது. அப்படி முடியாமல் இருப்பது நல்லது என்றே நினைக்கிறேன். உலகம் முழுக்க ஆய்வுக் கட்டுரைகளும் பாடப் பயிற்சிகளும் அலுவலக அறிக்கைகளும் இந்த நூலகத்தை நம்பி ஓடுகின்றன. பத்து வருடத்துக்கு முன் எழுதிய ஸ்கிரிப்டை ஒருவர் இன்று ஓட்டினால் அதே படம் வரவேண்டும் என்று அவர் எதிர்பார்ப்பது நியாயம்தான்.

ஜெட் நிறவரிசை எவ்வளவு மோசமானது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தும், அதற்குப் பதிலாக விரிடிஸ் இயல்புநிலையாக வந்தது 2017இல் வெளியான 2.0 பதிப்பில்தான். இப்படிப்பட்ட தோற்ற மாற்றங்களை ஒரே பெரிய பதிப்பில் குவித்து, பழைய தோற்றம் வேண்டுவோருக்கு ‘கிளாசிக்’ என்ற ஸ்டைலையும் கூடவே கொடுத்தார்கள்.

சிறிய மாற்றங்களுக்கும் ஒழுங்கு உண்டு. ஒரு ஆர்குமென்டை நீக்கவோ பெயர் மாற்றவோ வேண்டுமென்றால், முதலில் ‘டெப்ரிகேட்’ செய்ய வேண்டும். அதாவது பழைய வழி வேலை செய்துகொண்டே இருக்கும், ஆனால் பயன்படுத்துவோருக்கு எச்சரிக்கை காட்டும். குறைந்தது இரண்டு சிறு பதிப்புகள் கழிந்த பிறகே முழுதாக நீக்கலாம். இதற்கான டெக்கரேட்டர்கள் உள்ளேயே தயாராக இருக்கின்றன, நீங்களாக எச்சரிக்கை வாசகத்தை எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். எச்சரிக்கை வெறுமனே ‘இது போகப்போகிறது’ என்று மிரட்டக் கூடாது. அதற்குப் பதில் எதைப் பயன்படுத்த வேண்டும் என்றும் சொல்ல வேண்டும்.

புதிய அம்சத்தை முன்வைப்பவர்களும் இதை மனதில் வையுங்கள். இன்று சேர்க்கும் ஒரு ஆர்குமென்டை நாளை எளிதில் எடுக்க முடியாது. ஆகவே பெரிய அம்சத்துக்கு நிரல் எழுதுவதற்கு முன் ஒரு இஷ்யூ திறந்து, வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள்.

ஆவணத்தையும் நானே எழுத வேண்டுமா?

ஆமாம், உங்கள் மாற்றத்துக்கு உரிய அளவில். டாக்ஸ்ட்ரிங் நம்பைடாக் வடிவில் இருக்க வேண்டும். புதிய அம்சமாக இருந்தால் ‘புதிதாக என்ன’ பகுதிக்கு ஒரு சிறு கோப்பு. நடத்தை மாறினாலோ எதையாவது டெப்ரிகேட் செய்தாலோ ஏபிஐ மாற்றங்கள் ஃபோல்டரில் ஒரு சிறு கோப்பு. இந்த ஏபிஐ மாற்றக் கோப்பின் பெயரில் உங்கள் புல் ரிக்வெஸ்ட் எண் வரவேண்டும். அந்த எண் புல் ரிக்வெஸ்ட் திறந்த பிறகுதான் தெரியும் என்பதால், திறந்துவிட்டுச் சேர்ப்பதில் தவறில்லை.

நல்ல புல் ரிக்வெஸ்ட் எப்படி இருக்கும்?

சிறியதாக, ஒரே விஷயத்தைப் பற்றியதாக இருக்கும். பிழையைத் திருத்தும்போது பக்கத்தில் இருக்கும் இடைவெளிகளையும் மேற்கோள் குறிகளையும் சேர்த்துச் சீராக்கத் தோன்றும், விட்டுவிடுங்கள். ரிவ்யூ செய்பவர் உங்கள் உண்மையான மாற்றத்தை அந்த வரிகளுக்கு நடுவே தேட வேண்டியிருக்கும். விளக்கத்தில் மூன்று விஷயங்கள் போதும்: என்ன தவறு நடக்கிறது, ஏன் நடக்கிறது, எப்படிச் சரிசெய்தீர்கள். தோற்றம் மாறும் திருத்தம் என்றால் முன்னும் பின்னும் எடுத்த இரண்டு படங்களை ஒட்டுங்கள். பத்தி பத்தியாக விளக்குவதைவிட அது வேகமாகப் புரியும்.

நிரல் நடையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ப்ரீகமிட்டை நிறுவிவைத்தால் நடைப் பிழைகளைக் கமிட்டின்போதே பிடித்துவிடும்.

சிஐ சிவப்பாக இருக்கிறது. என் தவறா?

முதல் முறை அனுப்புபவர்களுக்கு, பராமரிப்பாளர் ஒருவர் அனுமதித்தால்தான் சிஐ ஓடவே தொடங்கும். ஓடிய பிறகு சிவப்பு வந்தால் லாகைத் திறந்து, தோற்ற டெஸ்டின் பெயரைப் பாருங்கள். உங்கள் மாற்றத்தோடு தொடர்பே இல்லாத டெஸ்ட் ஒரே ஒரு இயங்குதளத்தில் தோற்றிருந்தால், மெயின் கிளையிலும் அதே நிலையா என்று பார்த்துவிட்டு, ‘இது என் மாற்றத்தால் வந்ததாகத் தெரியவில்லை’ என்று ஒரு வரி எழுதுங்கள். ஆவணங்கள் கட்டப்படும் வேலை தனியாக ஓடும். அது முடிந்ததும் உங்கள் பக்கம் எப்படித் தெரியும் என்று அங்கேயே முன்னோட்டம் பார்க்கலாம்.

ரிவ்யூவுக்கு எவ்வளவு நாள் காத்திருப்பது?

சில மணி நேரத்திலும் வரலாம், பல வாரங்களும் ஆகலாம். நிரல் மாற்றத்துக்கு மையக் குழுவில் இருவரின் ஒப்புதல் வேண்டும். ஆவணத் திருத்தத்துக்குப் பொதுவாக ஒருவர் போதும். ரிவ்யூ செய்பவர்களில் பலர் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் இதற்கு உட்காருகிறவர்கள். இரண்டு வாரம் சத்தமே இல்லை என்றால் ஒருமுறை மரியாதையாக நினைவூட்டலாம். தினமும் கேட்கக் கூடாது.

கருத்துகள் வந்தால் மனம் தளராதீர்கள். பத்துக் கருத்து வருகிறது என்றால், ஒருவர் உங்கள் நிரலை வரிவரியாகப் படித்திருக்கிறார் என்று பொருள். திருத்தியதைத் திருத்திவிட்டேன் என்று சொல்லுங்கள். ஒப்புக்கொள்ள முடியாததற்குக் காரணம் சொல்லுங்கள். இரண்டு ரிவ்யூவர்கள் முரணாகச் சொன்னால், நீங்களே ஒருவர் பக்கம் சாயாமல், இருவரையும் குறிப்பிட்டு எதைச் செய்யட்டும் என்று கேட்டுவிடுங்கள்.

ரீபேஸ் செய்யச் சொல்கிறார்கள். எல்லாம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

முதலில் இப்போதைய கிளையிலிருந்து இன்னொரு கிளையை நகலாக உருவாக்கிவையுங்கள். இனி எது நடந்தாலும் திரும்பி வரலாம். பிறகு அப்ஸ்ட்ரீமிலிருந்து மெயினை எடுத்து, அதன் மேல் ரீபேஸ் செய்து, மோதல்களைத் தீர்த்துவிட்டு, ‘ஃபோர்ஸ் வித் லீஸ்’ முறையில் புஷ் செய்யுங்கள். வெறும் ஃபோர்ஸைவிட அது பாதுகாப்பானது. ரிமோட்டில் உங்களுக்குத் தெரியாத கமிட் ஏதாவது இருந்தால் நிறுத்திவிடும். முடியவே இல்லை என்றால் சொல்லுங்கள், பராமரிப்பாளர்கள் செய்து தருவார்கள்.

செயற்கை நுண்ணறிவுக் கருவியைக் கொண்டு எழுதலாமா?

இதற்குப் பங்களிப்பாளர் கையேட்டில் தனிப் பகுதியே இருக்கிறது, முதலில் அதைப் படியுங்கள். சாரம் இதுதான்: நிரலைப் புரிந்துகொள்ள உதவி பெறலாம், ஆனால் கருவி தந்ததை அப்படியே நிரலாகவோ உரையாடலில் பதிலாகவோ ஒட்டக் கூடாது. ரிவ்யூவர் கேள்வி கேட்கும்போது பதில் சொல்லப்போவது நீங்கள். ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று உங்களால் விளக்க முடியவில்லை என்றால், அந்த நிரல் இன்னும் அனுப்பும் நிலைக்கு வரவில்லை.

எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது. பரவாயில்லையா?

பரவாயில்லை. அங்கே எழுதுகிறவர்களில் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை. சிறு சிறு வாக்கியங்கள், ஓட்டிப் பார்க்கக்கூடிய பத்து வரி நிரல், ஒரு படம் இருந்தால் போதும்.

வரைபடத்தில் தமிழ் உடைந்து தெரிகிறதே, அதைச் சரிசெய்ய முடியாதா?

இங்கே இரண்டு சிக்கல்கள் கலந்திருக்கின்றன. கட்டம் கட்டமாக வருவது முதலாவது. இயல்புநிலை எழுத்துருவான டெஜாவு சான்ஸில் தமிழ் கிடையாது. ‘கிளிஃப் 2965 இல்லை’ என்பது போன்ற எச்சரிக்கை வந்தால் அது ‘க’ எழுத்தைத்தான் சொல்கிறது. தமிழ் உள்ள எழுத்துரு ஒன்றைக் குறிப்பிட்டால் இது தீரும். 2022இல் வந்த 3.6 பதிப்பிலிருந்து எழுத்துருக்களை வரிசையாகக் கொடுத்து, ஒன்றில் இல்லாததை அடுத்ததில் தேடச் செய்யலாம். 2021இல் கூகுள் சம்மர் ஆஃப் கோட் திட்டத்தில் ஒரு மாணவர் தொடங்கிய வேலையின் பயன் அது.

இரண்டாவது ஆழமானது. கணினி நினைவில் ‘கெ’ என்பது முதலில் க, அடுத்து ஒற்றைக்கொம்பு என்ற வரிசையில் இருக்கிறது. திரையில் கொம்பு முன்னால் வரவேண்டும். ‘கொ’ என்றால் ஒரே குறி இரண்டாகப் பிரிந்து இருபுறமும் உட்கார வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்வதற்கு ‘ஷேப்பிங்’ என்று பெயர். ஆக் பேக்எண்ட் நெடுங்காலம் இதைச் செய்யாமல், குறிகளை வரிசைப்படி அடுக்கி வைத்தது. அதனால்தான் கொம்பு இடம் மாறி நிற்கிறது. லிப்ராக்ம் நூலகத்தைக் கொண்டு இதைத் தீர்க்கும் பெரிய வேலை 2025இல் தனிக் கிளையில் நடந்தது. பழைய பதிப்பில் மாட்டிக்கொண்டவர்களுக்கும் வழிகள் இருக்கின்றன. எஸ்விஜியில் எழுத்தை எழுத்தாகவே விடும்படி ஃபான்ட்டைப் அமைப்பை ‘நன்’ என்று வைத்தால், உலாவி சரியாகக் காட்டும். ஸீலேடெக் கொண்டு பிஜிஎஃப் பேக்எண்டில் பிடிஎஃப் எடுக்கலாம். எம்பிஎல்கெய்ரோ என்ற தனிப் பொதியும் உண்டு.

நம்மால் இதில் நிறையச் செய்ய முடியும். ‘ஸ்ரீ’, ‘க்ஷ’, ‘கௌ’, ‘நொ’ சரியாக வந்திருக்கிறதா என்பதைத் தமிழ் படிக்கத் தெரிந்த கண்தான் சொல்ல முடியும். சுழற்றிய அச்சுப் பெயரில், பல வரித் தலைப்பில், பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது என்று சோதித்து, தவறு கண்டால் எழுத்துருவின் பெயர், பதிப்பு, பேக்எண்ட், படம் ஆகியவற்றோடு இஷ்யூ போடுங்கள். அதுவும் பங்களிப்புதான். நல்ல டெஸ்ட் ஒன்றையும் சேர்த்து அனுப்பினால் இன்னும் சிறப்பு.

என் மாற்றத்தை மறுத்துவிட்டால்?

காரணத்தைக் கேளுங்கள். ‘நல்ல யோசனை, ஆனால் மைய நூலகத்தில் வேண்டாம்’ என்பது அடிக்கடி வரும் பதில். மேட்பிளாட்லிப்பின் மேல் கட்டிய தனிப் பொதியாக அதையே வெளியிடலாம். புள்ளியியல் வரைபடங்களுக்கான சீபார்ன், நில வரைபடங்களுக்கான கார்ட்டோபை எல்லாம் அப்படி வெளியே வளர்ந்தவைதான்.

மெர்ஜ் ஆன பிறகு எப்போது எல்லோருக்கும் கிடைக்கும்?

எந்தப் பதிப்புக்கு என்று குறிக்க உங்கள் புல் ரிக்வெஸ்டில் போட்டிருக்கும் மைல்ஸ்டோனைப் பாருங்கள். புதிய அம்சம் அடுத்த சிறு பதிப்பில் வரும். பிழை திருத்தமாக இருந்தால் ஒரு பாட் (தானியங்கி நிரல்) அதைப் பராமரிப்புக் கிளைக்கும் நகலெடுக்கும், அப்போது இன்னும் விரைவில் வரக்கூடும். வெளியான பிறகு சில வாரங்கள் உங்கள் கிட்ஹப் அறிவிப்புகளைக் கவனியுங்கள். உங்கள் வரியால் வேறு எங்காவது ஏதாவது மாறியிருந்தால் உங்களைக் குறிப்பிட்டுக் கேட்பார்கள். அந்தப் பகுதியைக் கடைசியாகப் படித்துப் புரிந்தவர் நீங்கள்தானே.